நெல்லை சிம்மும் பாட்னா பெண்ணும்

போன வருடம் குளிர்காலம். டில்லி முனிர்காவில் நண்பர்களோடு ஒரே அறையில் தங்கி வேலை தேடிக்கொண்டிருந்தேன். ஏறி இறங்காத கம்பெனி இல்லை. "போதும்லே, வந்துரு. இங்கனயே ஏதாவது பாத்துக்கிடலாம்" என்று திருநெல்வேலியிலிருந்து அப்பா சொல்லத் தொடங்கியிருந்தார். அடுத்த இன்டர்வியூவும் ஊற்றிக்கொண்டால் மூட்டையைக் கட்டிவிடுவது என்று நானும் முடிவு செய்திருந்தேன்.

அது, தெருக் கம்பங்களில் மாட்டிக் காற்றின் மாசை அளக்கும் கருவிகளைச் செய்யும் சின்ன நிறுவனம். கேள்வி கேட்பதற்குப் பதில் வேலையையே கொடுத்துவிட்டார்கள். உள்ளங்கை அளவில் ஒரு கம்ப்யூட்டர் போர்டு, ஒரு மோடம், காலி மெமரி கார்டு. அதில் லினக்ஸ் இயங்குதளத்தை ஏற்றி, நம்முடைய சிம்மைப் போட்டு, மொபைல் டேட்டா வழியாக அவர்கள் சர்வருக்கு ஒரு வரித் தகவல் அனுப்ப வேண்டும். கம்பத்தில் வைஃபை ஏது? சிம்தான் அதற்கு உயிர். வந்திருந்தது நானும் ஒரு பீஹார் பெண்ணும். இருந்தது ஒரே ஒரு இடம்.

லினக்ஸ் எனக்குத் தண்ணி பட்ட பாடு. மளமளவென்று ஏற்றிவிட்டு, 'பாவம், அவள் இன்னும் பாதியிலேயே நிற்கிறாள்' என்று கொஞ்சம் மிதப்பாகவே இருந்தேன். சிம்மைப் போட்டதும் மிதப்பெல்லாம் இறங்கிவிட்டது. சிக்னல் இருக்கிறது, இணைப்பு வரவில்லை. மோடத்தைக் கழற்றி மாட்டினேன். ஆன்டெனாவைத் திருகினேன். போர்டை அணைத்து எழுப்பினேன். ம்ஹூம். அந்தக் குளிரிலும் வியர்த்தது. அதற்குள் அவளுடைய போர்டு வரியை அனுப்பியே விட்டது. அவ்வளவுதான், ஊருக்கு ரயிலேற வேண்டியதுதான் என்று நினைத்தேன்.

எழுந்தவள் என் திரையைப் பார்த்து நின்றாள்.

"பையா, சிம் தில்லி கா ஹை?"

"நஹி, தமிழ்நாடு கா." டில்லி சிம் இல்லை, ஊர் சிம் என்றேன்.

அவள் குனிந்து, ரோமிங்கை அனுமதிக்கும் கட்டத்தை விரலால் காட்டினாள். அது காலியாக இருந்தது. நான்தான் அப்படி விட்டிருந்தேன். ரோமிங் என்றாலே காசு பறந்துவிடும் என்று வீட்டில் பயமுறுத்திப் பயமுறுத்தி வந்த பழக்கம். போனாக இருந்தால் தானே சமாளித்துக்கொள்ளும். இந்தப் போர்டு சொன்ன சொல்லைத் தட்டாமல், 'வெளியூர் சிம், இணைக்க மாட்டேன்' என்று உட்கார்ந்துவிட்டது. அம்மாவுக்கும் பேங்குக்கும் தெரிந்த நம்பர் என்று, வெளியூரிலிருந்து டில்லிக்கு வந்த நாங்கள் யாருமே ஊர் சிம்மை மாற்றுவதில்லை. அவளுடையதும் பாட்னா சிம்தானாம். போன இன்டர்வியூவில் இதே இடத்தில் மாட்டிக்கொண்டு வேலையைக் கோட்டைவிட்டாளாம். டிக் போட்டேன். என் வரியும் போய்ச் சேர்ந்தது.

முதலில் என்னை உள்ளே கூப்பிட்டார்கள். அதிகாரி தமிழர், டில்லியிலேயே மயூர் விஹாரில் வளர்ந்தவர்.

"அச்சா, நம்ம ஊர் பையனா! தமிழ்நாடு சிம்முன்னா ரோமிங்ல மாட்டியிருக்கணுமே. இவ்ளோ ஜல்தியா எப்படிப்பா கண்டுபிடிச்ச?"

சிரித்து மழுப்பியிருந்தால் வேலை எனக்குத்தான். பொய் நாக்கு நுனிவரை வந்தது. கண்ணாடிக் கதவுக்கு வெளியே அவள் மடியில் பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"நான் கண்டுபிடிக்கல சார். வெளிய இருக்காங்கல்ல, அவங்கதான் சொன்னாங்க."

வேலை அவளுக்குக் கிடைத்தது. எனக்கு வருத்தம்தான், பொய் சொல்வானேன். உள்ளே போய் நான் சொன்னதைத் தெரிந்துகொண்டு வெளியே வந்தவள் "பாகல் ஹோ க்யா? பைத்தியமா உங்களுக்கு, ஏன் சொன்னீங்க?" என்று ஹிந்தியில் திட்டினாள். அவள் கண்ணும் கலங்கியிருந்தது. மெட்ரோ வாசல் வண்டியில் ரொட்டியும் கொண்டைக்கடலையுமாகச் சோலே குல்ச்சே வாங்கிக் கொடுத்தாள். சாப்பிடும்போதே, தான் விண்ணப்பித்திருந்த இன்னொரு நிறுவனத்தைச் சொல்லி, "நான் இனி அங்கே போகப் போவதில்லை, நீங்கள் போங்கள். அங்கேயும் இதையேதான் கேட்பார்கள்" என்றாள்.

அன்று சாயங்காலம் அப்பாவுக்குப் போன் போட்டேன். "நான் வரலப்பா. இன்னும் கொஞ்ச நாளு இங்கன இருந்து பாக்கேன்" என்றேன். அவள் சொன்ன நிறுவனத்தில் அடுத்த மாதமே சேர்ந்துவிட்டேன். ஆனால் அந்த வேலை கிடைக்காமல் போயிருந்தாலும் நான் கிளம்பியிருப்பேன் என்று தோன்றவில்லை. ஒரே இடத்துக்கு என்னோடு போட்டி போட வந்தவளே எனக்கு வழி சொன்ன ஊர் இது. இதை விட்டுப் போக அன்றைக்கு மனசு வரவில்லை, இன்றுவரை வரவில்லை.