ஆர்கனுக்குப் பூஜை போட்ட நாள்

மூடியைத் திறந்ததும் அந்துருண்டை வாசம் குப்பென்று வரும். அதன்பிறகுதான் சத்தம்.

மலாயாவில் கம்யூனிஸ்டு கெரில்லாக்களை ஒடுக்க வெள்ளைக்காரர்கள் அறிவித்த அவசரகாலம். லாபு பக்கம் எங்கள் ரப்பர் தோட்டத்தைச் சுற்றி முள்கம்பி. எனக்கு ஒன்பது வயது. சிரம்பானிலிருந்து ஒரு வெள்ளைக்கார அம்மா, நன்கொடை திரட்டித் தோட்டப் பள்ளிகளுக்கு இசைக்கருவிகள் கொடுத்துவந்தார். எங்களுக்குக் கிடைத்தது, காலால் மிதித்து வாசிக்கும் பழைய ஆர்கன்.

அந்த நன்கொடையில் இசை எவ்வளவு, அரசியல் எவ்வளவு என்றெல்லாம் பல்கலைக்கழகம் போனபின் யோசித்தேன். அப்போது யோசிக்கவில்லை.

ஒரு நிபந்தனை இருந்தது. மூன்று மாதம் கழித்து வந்து கேட்பார். பிள்ளைகள் வாசித்தால் சனிக்கிழமைதோறும் பாட்டு வாத்தியார் வருவார். இல்லாவிட்டால் ஆர்கன் வேறு தோட்டத்துக்குப் போய்விடும்.

எங்கள் வாத்தியாருக்குத் தெரிந்தது ஒரே பாட்டு. அதை எனக்குப் பழக்கினார். எனக்குக் கால் எட்டாது. என் தோழி பாக்கியம் கீழே உட்கார்ந்து இரண்டு கைகளாலும் மிதியை அமுக்குவாள்.

"வேகமா வாசிடி, கை கடுக்குது!"

சாப்பிடும்போதுகூட என் இடதுகை விரல்கள் தொடைமேல் ஓடிக்கொண்டே இருக்கும்...

மூன்று மாதம் முடிந்தும் அந்த வெள்ளைக்கார அம்மா வரவில்லை. பாதை சரியில்லை, சுடுகிறார்கள் என்றார்கள். தினமும் கம்பிக்கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒருநாள் காலை, தோட்ட ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி ஓடிவந்தார். "பட்டாள வண்டியோட வெள்ளைக்கார அம்மா வர்றாங்க. இன்னும் ஒரு மணி நேரத்துல!"

அன்று சரஸ்வதி பூஜை.

ஆர்கனுக்குச் சந்தனம், குங்குமம், மாலை எல்லாம் ஆகிவிட்டது. பூஜையில் வைத்ததை மறுநாள் வரை தொடக்கூடாது.

"நாளைக்கு வரச் சொல்லுங்கய்யா," என்றார் வாத்தியார்.

"பட்டாள வண்டி நம்ம இஷ்டத்துக்கு வருமா லா?"

வந்தார். வாசிக்கப்போவது யார் என்று அந்த வெள்ளைக்கார அம்மா கேட்டார். வாத்தியார் என்னைக் காட்டினார். ஓர் அடி எடுத்துவைத்தேன்.

பின்னாலிருந்து என்னைப் பெற்ற அம்மாவின் குரல். "தொட்ட... கைய ஒடிச்சிருவேன்."

தோட்டமே பார்த்துக்கொண்டிருந்தது. நான் நின்றுவிட்டேன்.

கிராணி இங்கிலீஷில் என்னவோ விளக்கினார். அந்த அம்மா சிரித்தார். பத்து நிமிடத்தில் வண்டி கிளம்பிவிட்டது.

மறுநாள் பூஜை எடுத்ததும் ஓடிப்போய் வாசித்தேன். திரும்பத் திரும்ப அதே பாட்டு. பாக்கியம் கை கடுக்கிறது என்று சொல்லவே இல்லை.

அடுத்த வாரம் லாரி வந்து ஆர்கனை ஏற்றிக்கொண்டு போனது.

இப்போது பாரோயில் எங்கள் வீட்டில் மகளின் கீபோர்டு இருக்கிறது. சுவிட்சைத் தட்டினால் போதும். மிதிக்க ஆள் வேண்டாம், யாரும் வந்து கேட்டுப் பாஸ் போடவும் வேண்டாம். அவள் வாரம் ஒருமுறை தொட்டால் அதிகம்.

போன சரஸ்வதி பூஜைக்கு அதைச் சாமி முன் வைத்திருந்தோம். எங்களோடு இருக்கும் அம்மா சாதாரணமாகச் சொன்னார்:

"எடுத்து வாசியேன். சாமி ஒண்ணும் கோவிச்சுக்காது."

"அப்ப அன்னிக்கு ஏம்மா...?"

"அன்னிக்கு எல்லாரும் பாத்தாங்கல்ல."

அவ்வளவுதான். காப்பி குடிக்கப் போய்விட்டார்.

நான் கீபோர்டின் முன் வெகுநேரம் நின்றிருந்தேன். வாசிக்கவில்லை. பக்தியா, கோபமா என்று இன்றுவரை என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.