மருதையண்ணையின் சிலையை யார் திறப்பது?

எங்கள் அக்கராயன் ஊரில் விதைப்பிலும் அருவி வெட்டிலும் சூடடிப்பிலும் பாடுகிற பாட்டெல்லாம் மருதையண்ணை மெட்டுக் கட்டியவை. மலைநாட்டுத் தேயிலைத் தோட்டமொன்றிலிருந்து வந்து, எங்கள் வயல்களில் கூலிக்கு நின்றவர். காய்ச்சலில் போய்விட்ட அவருக்குச் சிலை வைத்த ஊர், அதைத் திறக்க அவர் மனைவி இலட்சுமியக்காவை விடமாட்டோம் என்றது. விதவையாம்! இந்த அநியாயத்துக்கு நான்தான் செயலாளர். பல்கலைக்கழகக் கம்பஸ் மூடிக் கிடந்ததால் வீட்டில் நின்றேன்; கையெழுத்து வடிவென்று சிலைக் குழுவில் பிடித்துப் போட்டார்கள். குழுக்களில் செயலாளராக இருந்து பட்டவர்களுக்கு மிச்சம் விளங்கும்.

சீமெந்து

போர்க்காலம்; அப்போது வன்னிக்குள் சீமெந்து வரத் தடை. ஒரேயொரு பைக்கு அனுமதி கேட்டு வவுனியாவுக்குப் போனேன். காரணம் என்ற இடத்தில் 'பாட்டுக் கட்டியவருக்குச் சிலை' என்று உண்மையையே எழுதியிருந்தேன். அலுவலகத்தில் எழுத்து வேலை பார்த்த லிகிதர் இரண்டு தரம் வாசித்தார். "உயிரோட இருக்கிற சனத்துக்கே வீடு கட்ட ஒரு பை இல்லை. செத்தவருக்கு என்ன அவசரம், தங்கச்சி?"

முகம்

ஆகவே களிமண், மேலே கிடுகுக் கொட்டகை. ஒட்டுசுட்டானிலிருந்து வந்த சிற்பி கோயில் வேலைக்காரர். இடம்பெயர்வில் அண்ணையின் படம் ஒன்றும் மிஞ்சவில்லை. சிற்பி தனக்குப் பழகிய முகத்தையே வைத்துவிட்டார். தாமரைக் கண், மெல்லிய சிரிப்பு. கையில் வேல் இல்லாததுதான் குறை.

இலட்சுமியக்கா சுற்றிவந்து பார்த்தா. "ரொம்ப லட்சணமா இருக்காருங்க. இவரு யாருங்க?"

சிற்பி அன்றைக்கே முகத்தை உடைத்தார். பிறகு அக்கா பக்கத்திலிருந்து சொல்லச் சொல்லத்தான் மூக்கு வந்தது.

மங்கள காரியம்

திறப்பது குழுத் தலைவரின் மனைவி என்று கூட்டத்தில் முடிவெடுத்தார்கள். நான் எழும்பினேன். "அண்ணை செத்தபடியாத்தானே சிலை? அவர் செத்தபடியாத்தானே அக்கா விதவை? ஒரே சாவு, சிலைக்கு மங்களம், அவாவுக்கு மட்டும் அமங்களமோ?"

தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பிள்ளை, உமக்குக் கம்பஸ் எப்ப திறக்குது?"

திறப்பு

அக்காவுக்குக் கடைசி வரிசையில் ஒரு கதிரை போட்டிருந்தார்கள். நாதஸ்வரம் முடிந்து தலைவரின் மனைவி எழும்ப முன்னமே, அக்கா நேரே நடந்துபோய்ச் சிலைத் துணியில் கை வைத்தா.

"இலட்சுமி, தொடாதை!" என்றார் தலைவர், ஒலிவாங்கியிலேயே.

அக்கா துணியை விடவில்லை. "மண்ணு வெடிச்சிடக் கூடாதுன்னு ஒரு மாசமா தெனம் காலையில இந்தத் துணிய அவுத்து, நனைச்சுப் போத்தினது நாந்தானுங்க. நீங்கதான் இன்னைக்கு மொதல்ல பாக்கப் போறீங்க."