ஆறாவது கேபின் நின்ற இடம்

ஓசூர் ரோட்டில், பொம்மசந்திராவுக்குக் கொஞ்சம் முன்னால், ஒரு பழைய கேபின் கேம்ப் எங்கே இருந்தது என்று கண்டுபிடிக்கச் சொல்லி எங்கள் சர்வே கம்பெனியில் என்னை அனுப்பினார்கள். நான் ரிட்டயர் ஆவதற்கு முந்தைய வருடம். சர்வே வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் படிக்கட்டும் என்று எழுதுகிறேன். படித்துவிட்டு மறுபடியும் லேப்டாப்பைத்தான் நம்புவார்கள், தெரியும்.

ஒரு காலத்தில் காரில் போகிறவர்கள் தங்குவதற்காக அங்கே ரோட்டோரமாக எட்டு கேபின்கள் வரிசையாக இருந்தன. கேம்பை மூடியபோது, ஆறாவது கேபினை அதன் மனையோடு, அங்கே வேலை செய்த ரோஸிக்கு முதலாளி எழுதிக் கொடுத்துவிட்டார். ரோஸி தங்கவயல்காரர். மற்ற ஏழும் இடிபட்டன. தன் கேபின் இற்றுப்போனதும் ரோஸி அதே இடத்தில் ஒரு ஷீட் வீடு போட்டுக்கொண்டார். இப்போது பக்கத்துக் குடோன்காரர், கேம்ப் இருந்ததே வேறு இடம், அந்த அம்மா என் நிலத்தில் இருக்கிறார் என்று கோர்ட்டுக்குப் போய்விட்டார். எங்கள் ரிப்போர்ட் அவர் பக்கம் போனால் ரோஸி தெருவில் நிற்க வேண்டியதுதான். எங்களை வேலைக்கு வைத்ததும் அதே குடோன்காரர்.

பத்திரத்தில் மைல்கல்லிலிருந்து இத்தனை அடி என்று இருந்தது. எங்கள் மேனேஜர் ட்ரோனைப் பறக்கவிட்டு, மைல்கல்லிலிருந்து லேப்டாப்பில் கோடு இழுத்தார். ஆறாவது கேபின் பெட்ரோல் பங்க் நடுவில் போய் விழுந்தது. நானும் டேப் பிடித்துப் பார்த்துவிட்டு, சரி என்றேன். முப்பது வருட சர்வீஸ்! ரோட்டை அகலப்படுத்தும்போது கல்லைப் பிடுங்கி வேறு இடத்தில் நட்டிருப்பார்களே என்று என் களிமண் மண்டைக்குத் தோன்றவில்லை.

ரோஸிதான் கேட்டார். "இன்னா சார், அந்தக் கல்லை வச்சா அளக்குறீங்க? ரோடு போடும்போது ஜேசிபிக்காரன் தூக்கினு போய் அங்க நட்டான். நான் பாத்துனு இருந்தேன்."

"ப்ரூஃப் இருக்கா மேடம்?" என்று மேனேஜர் சிரித்தார்.

"கேபினுக்கு ஒரு கக்கூஸு, அதுக்குப் பின்னால ஒரு குழி. எட்டும் மண்ணுக்குள்ளதான் கெடக்குது. தோண்டிப் பாருங்க."

"டாய்லெட் எல்லாம் எவிடென்ஸா? டைம் வேஸ்ட் சார்."

எனக்கு வெட்கத்தில் கோபம் வந்தது. ஆள் வைத்துத் தோண்டினேன். ரோஸி காலால் காட்டிய இடத்திலெல்லாம் சிமெண்ட் உறை தட்டியது. எட்டு குழிகள், பத்திரத்தோடு இருந்த ஸ்கெட்ச்சில் உள்ள அதே இடைவெளியில். ஆறாவது ரோஸியின் சமையலறைக்குப் பின்னால். காய்ந்து எத்தனையோ வருடமான குழிக்கு மேனேஜர் கர்சீப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

ரிப்போர்ட்டில், 'இடத்தை அடையாளம் காட்டியவர்' என்று நிரப்ப ஒரு கட்டம் உண்டு.

"ட்ரோன் சர்வேன்னு போடுங்க சார். வேலைக்காரம்மா காட்டுனாங்கன்னா கோர்ட்ல சிரிப்பாங்க" என்றார் மேனேஜர்.

நான் ரோஸியைப் பார்த்தேன்.

"எட்டு கக்கூஸும் கழுவினவ காட்டினான்னு எழுதுங்க சார். வேற யாருக்குத் தெரியும்?"

அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட்டேன். கோர்ட்டில் யாரும் சிரிக்கவில்லை. ரோஸி இன்றும் அந்த வீட்டில்தான் இருக்கிறார்.

கருவியை ஸ்டாண்டில் ஏற்றும் முன், அந்த இடத்தில் வேலை செய்தவர்களைக் கேளுங்கள். இதைச் சொல்ல எனக்கு அருகதை குறைவு. அன்று காலை நான் ரோஸியிடம் பேசிய முதல் வார்த்தை, "தள்ளி நில்லும்மா, மறைக்குது."