அண்ணன் அனுப்பிய பிராசஸர்

அண்ணன் அமெரிக்காவிலிருந்து ஞாயிற்றுக்கிழமை காலைகளில்தான் கூப்பிடுவான். முதலில் அம்மாவிடம் பேசுவான், பிறகு அம்மா போனை என்னிடம் கொடுப்பாள். எங்களுக்குள் பேச அதிகம் இருக்காது. மழை பெய்ததா, கடை எப்படிப் போகிறது, அவ்வளவுதான். அன்றைக்கு மட்டும் அரை மணி நேரம் பேசினான். சித்தூர் வீட்டில் ஒரு சர்வர் வைக்க வேண்டும் என்றான்.

சர்வர் என்றால் பயந்துகொள்ள ஒன்றுமில்லை. நாலு ஹார்ட் டிஸ்க்கை ஒரு பெட்டிக்குள் மாட்டி, இன்டர்நெட்டோடு சேர்த்து, நிறுத்தாமல் ஓடவிடுவது. குடும்பத்துப் படங்களும் வீடியோக்களும் அதில் இருக்கும். அவன் அங்கிருந்து பார்க்கலாம், அம்மா இங்கே டிவியில் பார்க்கலாம். எனக்கு உள்ளுக்குள் சந்தோஷமாகத்தான் இருந்தது. என் தொழில் சம்பந்தப்பட்ட ஒன்றை அண்ணன் என்னிடம் கேட்பது அதுதான் முதல் தடவை.

எங்கள் அப்பா, நாங்கள் நைனா என்போம், நகரியில் பவர்லூம் ஓட்டினார். கூலிக்குத்தான். இரண்டு பேரையும் காலேஜில் சேர்க்க முடியாது என்றானபோது, பெரியவன் படிக்கட்டும், சின்னவனுக்குக் கைவேலை வரும் என்று அவரே முடிவு செய்தார். அண்ணன் சென்னையில் இன்ஜினியரிங் படித்தான். கம்ப்யூட்டர் தெரிந்தவர்களை வெளிநாட்டுக் கம்பெனிகள் வாரிக்கொண்டு போன வருஷங்கள் அவை. அவனும் போனான். நான் திருப்பதியில் ஆறு மாத ஹார்டுவேர் கோர்ஸ் படித்து, அங்கேயே பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு கடையில் வேலை கற்றுக்கொண்டு, பிறகு சித்தூரில் சொந்தமாகக் கடை போட்டேன். மாம்பழக்கூழ் கம்பெனி ஆபீஸ்களுக்கும் ஜெராக்ஸ் கடைகளுக்கும் இருபது வருஷமாகக் கம்ப்யூட்டர் கட்டிக் கொடுத்திருக்கிறேன். எந்த பிராசஸர் போடலாம் என்று தெலுங்கிலும் தமிழிலும் என்னிடம் வந்து கேட்காதவர்கள் எங்கள் பஜாரில் குறைவு.

அந்த வாரம் முழுக்க வியாபாரத்துக்கு நடுவே அதைப் பற்றியே படித்தேன். எங்கள் வீட்டுக்கு எது சரி என்பதில் எனக்குச் சந்தேகம் இருக்கவில்லை. போர்டிலேயே ஒட்டி வருகிற சின்ன பிராசஸர் ஒன்று. பத்து வாட்டில் ஓடும், விசிறி தேவையில்லை, சூடு கிளப்பாது. படமும் வீடியோவும் சேர்த்துவைக்க அது தாராளம். கரண்ட் போனாலும் வீட்டு இன்வெர்டரிலேயே பாதி நாள் தாக்குப்பிடிக்கும். இதையெல்லாம் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமைக்குக் காத்திருந்தேன்.

அண்ணன் அதற்குள் முடிவு செய்துவிட்டிருந்தான். அவன் ஆபீஸ் நண்பன் ஒருவன் சொன்னானாம். கம்பெனிகள் கழித்துப்போட்ட பெரிய சர்வர் பிராசஸர்கள் அங்கே சல்லிசாகக் கிடைக்கும், மெமரியில் தவறு நேர்ந்தால் தானே கண்டுபிடித்துத் திருத்திக்கொள்ளும், பத்திரத்துக்கு அதுதான் சரி என்று. அது பொய்யில்லை. குளிரூட்டிய அறையில், கரண்ட் போகாத ஊரில் அது நல்ல யோசனை.

"அண்ணா, இங்க கரண்ட் எப்ப போவும்னு..." என்று ஆரம்பித்தேன்.

"நீ அசெம்பிள் பண்ணா போதும்டா. எது போடணும்னு நான் பாத்துக்கறேன்" என்றான்.

கோபமாகச் சொல்லவில்லை. என்னைச் சிரமப்படுத்தக் கூடாது என்பது போலத்தான் சொன்னான். நான் அந்தத் தாளை நாலாக மடித்துப் பையில் வைத்தேன். சரிண்ணா என்றேன்.

பிராசஸரையும் போர்டையும் அந்த நண்பனே கொண்டுவந்தான். குழந்தைக்கு மொட்டை போடத் திருமலைக்கு வந்திருந்தான். திருப்பதியில் அவன் தங்கியிருந்த லாட்ஜுக்குப் போய் வாங்கிக்கொண்டேன். அவனும் மொட்டை போட்டு, தலையில் சந்தனம் காயாமல் உட்கார்ந்திருந்தான். நல்ல மாதிரிதான். காபி வரவழைத்தான். பிறகு பிராசஸரைப் பெட்டியிலிருந்து எடுத்து, மூலையில் இருக்கும் முக்கோண அடையாளத்தைக் காட்டி, சாக்கெட்டில் இருக்கும் அடையாளத்தோடு இதைப் பொருத்த வேண்டும், அழுத்தக் கூடாது என்று எனக்கு நிதானமாக விளக்கினான். நான் தலையாட்டிக்கொண்டே கேட்டேன். நான் செய்கிற வேலை என்ன என்று அண்ணன் அவனிடம் சொல்லியிருக்கவேயில்லை. சித்தூர் திரும்பும் பஸ்ஸில் எனக்குக் காதெல்லாம் எரிந்தது.

கட்டினேன். ஒரு திருகுகூடப் பிசகாமல் கட்டினேன். ஆனால் எனக்குத் தெரிந்த எதையும் அதன் பிறகு வாய் திறந்து சொல்லவில்லை. மாடி அறையில்தான் இன்டர்நெட் கனெக்‌ஷன் இருந்தது, பெட்டியை அங்கே வைத்தேன். மேலே வெறும் தளம், மதியத்தில் சுவரே சுடும். அந்த பிராசஸரின் விசிறி மிக்ஸி மாதிரி சத்தம் போட்டது. அதன் சூடு முழுக்க டிஸ்க்குகள் மேல்தான் அடித்தது. இது கோடையைத் தாண்டாது என்று முதல் நாளே எனக்குப் பட்டது. நடக்கட்டும், அப்போதாவது தெரியட்டும் என்று இருந்துவிட்டேன்.

அண்ணன் தன்னிடமிருந்ததையெல்லாம் அதில் ஏற்றினான். அவன் பிள்ளைகளின் பிறந்தநாள்கள், பனி, புது வீடு. நைனாவின் வீடியோவும் அதில் இருந்தது. முதல் லீவில் வந்தபோது அண்ணன் கேமராவை வைத்து அவரைப் பேசவிட்டு எடுத்தது, ஒரு மணி நேரம். தறி வேலை, முதலாளிகள், அம்மாவைப் பெண் பார்த்தது என்று சிரித்துக்கொண்டே பேசுவார். அவர் இறந்த பிறகு, அவர் குரல் வேறெதிலும் இல்லை. கேமரா நாடாவிலிருந்து அதைக் கம்ப்யூட்டருக்கு மாற்றியவன் நான்தான். பூஞ்சை பிடித்த நாடாவைத் தூக்கிப்போட்டதும் நான்தான். சர்வர் வந்ததும், இனி இங்கே எதற்கு என்று அண்ணன் தன் லேப்டாப்பில் இருந்ததை அழித்துவிட்டான்.

மே மாதம் கரண்ட் வெட்டு ஆரம்பித்தது. அந்தப் பெட்டியும் அம்மாவின் விசிறியும் சேர்ந்தால் இன்வெர்டர் ஒரு மணி நேரம்கூட நிற்கவில்லை. ஒரு நாள் மதியம் சாப்பிட வந்தபோது அம்மா விசிறியை நிறுத்திவிட்டு, புடவைத் தலைப்பால் முகத்தை வீசிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஏம்மா என்றேன்.

"அவன் பொட்டி நின்னுபூடும்டா. நைனா அதுல தான கீறாரு. எனக்கு என்னா, கொஞ்ச நேரம் வேர்த்தா வேர்க்குது."

அப்போதாவது நான் அண்ணனைக் கூப்பிட்டுச் சொல்லியிருக்க வேண்டும். விசிறியைப் போட்டுவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தேன்.

மாதம் முடிவதற்குள் ஒரு டிஸ்க் போனது. ஒன்று போனால் மற்ற மூன்றை வைத்து மீட்டுவிடலாம், அப்படித்தான் அமைத்திருந்தேன். புது டிஸ்க் மாட்டி மீட்க விட்டேன். இரண்டு நாள் இடைவிடாமல் ஓட வேண்டிய வேலை. இரண்டாம் நாள் கரண்ட் போய்ப் போய் வந்தது. சாயங்காலம் இன்னொரு டிஸ்க்கும் போனது. அத்தோடு எல்லாம் போயிற்று.

அண்ணனிடம் சொன்னேன். எல்லாமா என்று இரண்டு தடவை கேட்டான். பிறகு, "ஒரு பொட்டி ஒழுங்கா கட்டத் தெரியல. இருபது வருஷமா என்னடா கட வெச்சினு கீற?" என்றான். அத்தனை வருஷம் கழித்து அவன் வாயில் எங்கள் ஊர்ப் பேச்சை அன்றைக்குத்தான் கேட்டேன்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நைனாவின் வீடியோவுக்கு ஒரு நகல் என்னிடம் இருந்தது. யாருடைய டிஸ்க்கைத் தொட்டாலும் முதலில் முக்கியமானதை நகல் எடுத்துக்கொள்வது எங்கள் தொழில் பழக்கம். கடை பீரோவில் ஒரு பழைய டிஸ்க்கில் அது பத்திரமாக இருந்தது. அதைச் சொல்லத்தான் போனை எடுத்தேன். அவன் அப்படிக் கேட்டதும் சொல்லவில்லை. சரிண்ணா என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன்.

அம்மா வாசற்படியில் நின்றுகொண்டிருந்தாள். "நைனா பேசுனது பூடுச்சாடா?" என்று கேட்டாள்.

"பூடுச்சிம்மா" என்றேன்.

அவள் அழவில்லை. மாடிக்குப் போய்ப் பெட்டியின் மேல் இருந்த தூசியைத் துடைத்துவிட்டு இறங்கி வந்தாள். அதைப் பார்த்தும் எனக்கு வாய் வரவில்லை. நாளைக்குச் சொல்லலாம் என்று இருந்தேன். ஒவ்வொரு நாளும் சொல்வது இன்னும் கஷ்டமாயிற்று.

அடுத்த வருஷம் அண்ணன் வந்தான். இளைத்திருந்தான். வேலையில் ஏதோ சரியில்லை என்று அம்மா சொன்னாள். வந்த மூன்றாம் நாள் சாப்பிடும்போது, நைனாவின் குரல் எப்படி இருக்கும் என்பதே மறந்துகொண்டு வருகிறது என்றான், யாரையும் பார்க்காமல். நான் கை கழுவிவிட்டு நேரே கடைக்குப் போய் டிஸ்க்கை எடுத்து வந்து டிவியில் போட்டேன்.

நைனா பேசத் தொடங்கினார். மூன்று பேரும் பார்த்தோம். அண்ணன் ஒரு மணி நேரமும் அசையவில்லை. முடிந்ததும், இது எத்தனை நாளாக இருக்கிறது என்று கேட்டான். ஆரம்பத்திலிருந்தே என்றேன். பிராசஸர் விஷயமும் சொன்னேன். அது தாங்காது என்று எனக்குத் தெரியும், தெரிந்தேதான் கட்டினேன் என்றேன். திட்டுவான் என்று எதிர்பார்த்தேன். அவன் எழுந்து தெருப்பக்கம் போய் நின்றுகொண்டான்.

அம்மா உட்கார்ந்த இடத்தில் அப்படியே இருந்தாள்.

"அவன் மேல கோவம், செரி. நான் என்னாடா பண்ணன்? ஒரு வருஷமா நைனா ரெண்டாவது வாட்டி செத்தாருன்னு நென்ச்சினு இருந்தனே" என்றாள்.

நான் எழுந்து டிவியை அணைத்தேன்.

அண்ணன் ஒரு நகல் எடுத்துக்கொண்டு அமெரிக்காவுக்குப் போய்விட்டான். நாங்கள் பேசிக்கொள்கிறோம், முன்பு மாதிரியே, மழையும் கடையும். அவனோடு அது எப்படியோ சரியாகிவிட்டது. அம்மாவோடுதான் ஆகவில்லை. எனக்கு இரண்டு வேளையும் சோறு போடுகிறாள், காய்ச்சல் என்றால் நெற்றியைத் தொட்டுப் பார்க்கிறாள். போன வாரம் ஒரு லேபில் அவளுக்கு ரத்தப் பரிசோதனை செய்து, ரிப்போர்ட்டை வாங்கிப் படித்துவிட்டு, சர்க்கரை குறைந்திருக்கிறது, பயப்பட ஒன்றுமில்லை என்றேன். அம்மா தாளை என் கையிலிருந்து வாங்கினாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்த முன்பின் தெரியாத ஒரு பெண்ணிடம் அதை நீட்டி, தெலுங்கில், இதில் என்ன எழுதியிருக்கிறது, கொஞ்சம் பார்த்துச் சொல்லம்மா என்று கேட்டாள்.