வயிற்றுக்குள் போன ஜப்பான் காசு

போன வருஷம் தை மாதம், சம்பா அறுவடை மும்முரமாக நடந்துகொண்டிருந்த சமயம். பாபநாசத்துக்குப் பக்கத்துக் கிராமம் எங்களுடையது. என் கணவர், கல்யாணம் திருவிழாவுக்கு மைக் செட் வாடகைக்கு விடுகிறவர். வீட்டுக்குள் எங்கே கால் வைத்தாலும் ஒயரும் ஸ்பீக்கரும்தான்.

சிங்கப்பூரில் ஹோட்டல் அறைகளைச் சுத்தம் செய்யும் வேலையில் இருக்கும் என் தம்பி, பொங்கலுக்கு ஒரு பெட்டி அனுப்பியிருந்தான். அதன் அடியில் ஒரு காசு கிடந்தது. மஞ்சள் நிறம், நம் ஐந்து ரூபாய் அளவு, நடுவில் ஓட்டை. எந்த நாட்டுக் காசு, எவ்வளவு மதிப்பு, ஒன்றும் புரியவில்லை. ஓர் எண்கூட இல்லை. படம் வரைந்தது போல எழுத்துகள். ஆனால் ஒரு பக்கத்தில் தலை சாய்ந்த நெற்கதிர், எங்கள் வயலில் பறித்து ஒட்டியது போல.

தம்பியைக் கேட்டால், "யாரோ ரூம்ல விட்டுட்டுப் போன சில்லறைக்கா, எந்த ஊருதுன்னு தெரியல" என்றான். போனில் தேடினேன். ஓரிடத்தில் சீனா என்றது, இன்னோரிடத்தில் கோயில் டோக்கன் என்றது. கடைசியாக ஒரு வீடியோ, ஓட்டைக் காசு லட்சக்கணக்கில் போகும் என்றது. அதில் இருந்த நம்பருக்குப் போட்டோ அனுப்பினேன். உடனே ஒருவர் கூப்பிட்டார். எண்பதாயிரம் தருவாராம். "டீல் முடியற வரைக்கும் யார்கிட்டயும் சொல்லாதீங்க மேடம்" என்றார். கணவரிடம்கூடச் சொல்லவில்லை. இந்த மாதிரி வீடியோ பார்த்ததற்கு ஏற்கெனவே திட்டு வாங்கியவள் நான்.

இரண்டு நாள் கழித்து, காலை பத்து மணி இருக்கும். மூன்று வயது மகள் திடீரென்று இருமி, கழுத்தைப் பிடித்துக்கொண்டு அழுதாள். ஓடிப்போய்ப் பார்த்தால், காசை ஒளித்து வைத்திருந்த பவுடர் டப்பா கீழே உருண்டு கிடந்தது. காசைக் காணவில்லை.

ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்தார்கள். வயிற்றில் வெள்ளையாய் ஒரு வட்டம், நடுவில் ஓட்டை.

"என்ன இது, வாஷரா? காந்தமா?" என்று கேட்டார் டாக்டரம்மா.

"பழைய ஸ்பீக்கர் பிரிச்சுப் போட்டிருந்தேங்க. வளையமா சின்னக் காந்தமும் கிடந்துச்சு. அதுவான்னு தெரியலைங்க" என்றார் கணவர்.

டாக்டர் என் பக்கம் திரும்பினார். "நீங்க பாத்தீங்களாம்மா?"

"தெரியலைங்க" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்?

"காந்தம்னா வயித்துல விட்டு வைக்கக் கூடாது. ரெண்டு மூணு முழுங்கியிருந்தா குடலையே ஓட்டை போட்டுடும். தஞ்சாவூர் பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதித் தர்றேன், மயக்க மருந்து குடுத்து எடுத்துடுவாங்க" என்று சொல்லிவிட்டு எழுத ஆரம்பித்தார்.

மனசுக்குள் என்னென்னவோ ஓடியது. ஒருவேளை காந்தம்தானோ? காசு என்றால் கணவர் என்ன சொல்வார்? எண்பதாயிரம் என்ற நினைப்பும் நடுவே வந்து போனது. இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. பத்து நிமிடம் அப்படியே நின்றிருப்பேன். மகள் என் விரலைப் பிடித்துக்கொண்டு, "அம்மா, ஊசி வேணாம்மா" என்றாள்.

"காசுங்க டாக்டர்! ஓட்டை போட்ட காசு!" என்று கத்தியே விட்டேன்.

"காசுல ஏதுடி ஓட்டை?" என்றார் கணவர், ஒன்றும் புரியாமல். போனில் இருந்த போட்டோவைக் காட்டினேன். டாக்டருக்கும் அது என்னவென்று தெரியவில்லை. எக்ஸ்ரே எடுத்த பெண்தான் எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

"இது ஜப்பான் காசு மேடம், அஞ்சு யென். எங்க அண்ணன் அங்க கம்பெனியில இருக்கான். எங்க வீட்டுலயே நாலஞ்சு கிடக்கு. இதுல நம்பர் போட மாட்டாங்க, அதான் எல்லாரும் குழம்பிடுவாங்க."

அவளே காசின் அளவைப் போனில் தேடி எடுத்து, எக்ஸ்ரேயில் இருந்த வட்டத்தோடும் ஓட்டையோடும் ஒப்பிட்டுக் காட்டினாள். பொருந்தியது. டாக்டர் பேனாவை மூடினார். "காசுன்னா பயம் இல்ல. வயித்துக்கு இறங்கிடுச்சு, தானா வந்துடும். வயித்து வலி, வாந்தின்னா மட்டும் உடனே தூக்கிட்டு வாங்க."

அப்போதாவது நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். "இது எவ்வளவும்மா போகும்?" என்று அந்தப் பெண்ணிடம் கேட்டுவிட்டேன்.

"மூணு ரூபா வரும்க்கா. அங்க கடையில குடுக்கற சில்லறைதான்."

கணவர் என்னையே பார்த்தார். வண்டியில் வரும்போதுதான், பாதி வழியில், "நான் திட்டுவேன்னு பயந்தியா, இல்ல காசு போயிடும்னு பயந்தியா?" என்று கேட்டார். மகளை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

மூன்றாம் நாள் காசு வெளியே வந்தது. அன்றைக்கே, எண்பதாயிரம் தருவதாகச் சொன்ன ஆள், பதிவுக் கட்டணம் இரண்டாயிரம் அனுப்பச் சொல்லிக் கூப்பிட்டார். ஒரு வார்த்தை பேசாமல் துண்டித்தேன்.

கணவர் கேட்டதற்கு இன்றுவரை எனக்கே சரியான பதில் தெரியாது. ஆனால் யாராவது ஒன்று கேட்டு, 'தெரியல' என்று என் வாய் முந்தும்போதெல்லாம், நிஜமாகவே தெரியாதா என்று ஒரு முறை என்னையே கேட்டுக்கொள்கிறேன்.