வண்டிச் சாவியை ஒளித்த காலை

கொரோனா இரண்டாவது முறை வந்தபோது எனக்குப் பன்னிரண்டு வயது. ஆந்திராவில், தமிழ்நாட்டு எல்லையோரம் இருக்கிற நகரியில் எங்கள் தெருவில் யார் இருமினாலும் அது யாருடைய இருமல் என்று என்னால் சொல்லிவிட முடியும். பக்கத்து வீட்டுக்காரருடையது பீடி இருமல். அதற்குப் பயப்பட வேண்டியதில்லை. எதிர்வீட்டு அக்காவுக்கு எந்தக் காலத்திலும் தும்மல்தான். நான் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தது ஒரே ஒருவருடைய இருமலுக்கு. அது எங்கள் நைனாவுடையது; அப்பாவை நான் அப்படித்தான் கூப்பிடுவேன்.

நைனாவிடம் ஒரு சின்ன லோடு வண்டி இருந்தது. பவர்லூம்காரர்களுக்கு நூல் கோன்களைக் கொண்டுவந்து இறக்குவதும், நெய்த துணியைப் புத்தூருக்கும் சித்தூருக்கும் ஏற்றிப் போவதும் அவர் வேலை. வீட்டை ஒட்டிய கொட்டகையில் எங்களுக்கே இரண்டு பவர்லூம் உண்டு. அதை அம்மா பார்த்துக்கொண்டாள். ஊரடங்கில் தெரு முழுக்கத் தறிகள் நின்றுபோயின. பிறந்ததிலிருந்து அந்த இரைச்சலில் தூங்கிப் பழகியவள் நான். சத்தம் நின்றதும் எனக்குத் தூக்கம் போனது. இருமல்கள் கேட்க ஆரம்பித்தன.

நாலு தெரு தள்ளியிருந்த ஒரு மேஸ்திரிதான் முதலில் நைனாவைக் கூப்பிட்டார். அவர் மனைவிக்கு மூச்சு வாங்கியது. ஆம்புலன்சுக்குப் போன் செய்தால் யாரும் எடுக்கவில்லை. நைனா வண்டியின் பின்பக்கம் இரண்டு பாய்களை விரித்து, அந்த அம்மாவைத் திருப்பதி ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டு வந்தார். அதற்கப்புறம் அவர் போன் ஓயவே இல்லை. தெருவில் எல்லோருடைய போனிலும் நைனாவின் நம்பர் இருந்தது. ஆனால் தெருவில் ஒருவரும் எங்கள் வாசல் பக்கம் வரவில்லை. பால் ஊற்றுகிற அம்மா கேட்டுக்கு வெளியே நின்று, நாங்கள் வைத்துவிட்டுப் போன சொம்பில் கையை நீட்டி ஊற்றினாள். பாதி மண்ணுக்குப் போகும்.

நைனா வீட்டுக்குள் வருவதை நிறுத்திவிட்டார். தூக்கம் வண்டியில். பின்பக்கத்துக் குளியலறையில் அம்மா வெந்நீர் வைப்பாள்; அவர் காம்பவுண்டைச் சுற்றி வந்து குளிப்பார். சாப்பாட்டை மதில்மேல் வைத்துவிட்டு நாங்கள் பத்தடி தள்ளி நிற்க வேண்டும். வண்டிச் சாவிக்கும் குளியல் உண்டு. மதிலின்மேல் சோப்புத் தண்ணீர் ஊற்றிய ஒரு பிளாஸ்டிக் மக்கு இருக்கும். சாவியை அதில் போட்டுவிட்டுத்தான் குளிக்கப் போவார்.

அப்போதுதான் நைனாவின் நண்பர் புத்தலப்பட்டுக்காரர் கொரோனாவில் இறந்துபோன செய்தி வந்தது. அவரும் நைனாவைப் போல வண்டி வைத்திருந்தவர். நைனாவைப் போலவே நோயாளிகளை ஏற்றிப் போனவர். வருஷா வருஷம் எங்களுக்கு ஒரு கூடை மாம்பழம் கொண்டுவந்து தருவார். பத்து நாள் முன்புகூட அம்மாவிடம் போனில் சிரிக்கச் சிரிக்கப் பேசியிருந்தார்.

அன்று மாலை அம்மா மதிலுக்கு இந்தப் பக்கம் நின்றாள். நைனா அந்தப் பக்கம் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"நீ போய்ட்டா நானும் புள்ளயும் இன்னாய்யா பண்றது?" என்றாள் அம்மா.

"கூப்புடறாங்களே. எப்படிம்மே வரமாட்டேன்றது?"

"உடம்பு சரியில்லன்னு சொல்லு. ஒரு நாளு சொல்லு."

நைனா குனிந்து சாப்பிட்டார். அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உள்ளே போனாள். நைனா என்னைப் பார்த்துச் சிரிக்க முயன்றார். அவர் சிரிக்கவில்லை, இருமலை அடக்குகிறார் என்று எனக்குத் தோன்றியது. அப்படி இல்லை என்று இப்போது தெரியும். அன்று அப்படித்தான் தோன்றியது.

மறுநாள் காலை திருப்பதியிலிருந்து திரும்பி, சாவியை மக்கில் போட்டுவிட்டு நைனா குளிக்கப் போனார். நான் முன்கூட்டி எதுவும் யோசிக்கவில்லை. மதிலோரம் ஒரு கல்லைப் போட்டு ஏறி, மக்குக்குள் கையை விட்டு, சாவியை எடுத்துக்கொண்டு கொட்டகைக்கு ஓடினேன். மூலையில் நெய்யாமல் நின்றுபோன நூல் கோன்கள் அடுக்கி இருந்தன. நாற்பது ஐம்பது இருக்கும். கோனின் நடுவில் அட்டைக் குழல் இருக்குமே, அதற்குள் சாவியைத் திணித்து, அந்தக் கோனைக் கீழ் வரிசையில் சுவரோரமாக வைத்தேன். கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு வாசல்படியில் வந்து உட்கார்ந்தேன். எனக்கு ஒரு நிம்மதி இருந்தது. இன்றைக்கு நைனா எங்கும் போக முடியாது.

அவர் குளித்து முடித்து வரும்போதே போன் வந்தது. மதில்மேல் இருந்த போனை ஸ்பீக்கரில் போட்டுக்கொண்டே தலை துவட்டினார். "தொந்தரகா ரா அன்னா," சீக்கிரம் வா அண்ணா என்று தெலுங்கில் ஒரு ஆண் குரல் அவசரப்படுத்தியது. கூப்பிடுகிற எல்லோரும் இப்படித்தான் ஆரம்பிப்பார்கள். நைனா சட்டென்று ஸ்பீக்கரை அணைத்துவிட்டுக் காதில் வைத்துக் கேட்டார். பிறகு மக்கில் கையை விட்டார்.

"சாவி எங்கம்மே?"

அம்மா கதவோரம் வந்து நின்றாள். "எனக்கு இன்னா தெரியும்? நீதான வெச்ச."

"இதுலதான் போட்டேன். ஒருத்தருக்கு மூச்சு வாங்குதாம். ரொம்ப முடியலயாம்."

யாருக்கு என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. யாரோ ஒருத்தர், அவருக்கு வேறு வண்டி கிடைக்கும் என்று நினைத்துக்கொண்டேன். நைனா மக்கைக் கவிழ்த்தார். ஈரத்துணியை உதறினார். வண்டிக்கு ஓடி சீட்டுக்கு அடியில் தேடினார். மண்ணில் குனிந்து பார்த்தார். போன் மறுபடியும் அடித்தது. "வந்துக்கினே கீறேன், வந்துக்கினே கீறேன்," என்று பொய் சொன்னார். வேறு இரண்டு வண்டிக்காரர்களைக் கூப்பிட்டுப் பார்த்தார். ஒருவர் எடுக்கவில்லை, இன்னொருவர் வேலூரில் இருந்தார்.

"நீ எடுத்தியாம்மா?" என்று என்னைக் கேட்டார்.

"இல்ல நைனா."

அரை மணி நேரம் ஆகியிருக்கும். கேட்டை யாரோ தடதடவென்று தட்டினார்கள். அத்தை மகள் நின்றிருந்தாள்.

அத்தை, நைனாவின் அக்கா. ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் குடியிருந்தாள். மாமா இறந்து நான்கு வருஷம். அத்தை ஒரு பவர்லூம் கொட்டகையில் வேலைக்குப் போய்த் தன் ஒரே மகளை வளர்த்தாள். அந்த மகள் என்னைவிட இரண்டு வயது சின்னவள். முகக்கவசம் இல்லாமல், செருப்பு இல்லாமல் அவ்வளவு தூரம் ஓடி வந்திருந்தாள்.

"மாமா, ஏன் மாமா வரல? அம்மா கூப்ட்டா பேச மாட்டேன்றா மாமா."

ஜுரம் என்று இரண்டு நாளாக அத்தை நைனாவிடம் மட்டும் சொல்லியிருந்தாள். அம்மா பயந்துவிடுவாள் என்று அவர் எங்களிடம் சொல்லவில்லை. கூப்பிட்ட தெலுங்குக்காரர் அத்தையின் பக்கத்து வீட்டுக்காரர்.

நான் எழுந்திருக்கப் பார்த்தேன். அதற்குள் அம்மா கொட்டகைக்குள் போனாள். போன வேகத்தில் திரும்பி வந்தாள். கையில் சாவி இருந்தது.

நைனா எதுவும் கேட்கவில்லை. அம்மாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சாவியை வாங்கிக்கொண்டு ஓடினார். ஒருவரை ஒருவர் தொடப் பயந்த அந்த நாட்களில், அம்மா கேட்டைத் திறந்து அத்தை மகளின் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டாள்.

அத்தையை ஏற்றிக்கொண்டு வரும் வண்டி எங்கள் தெரு முனையைக் கடந்துதான் புத்தூர் ரோட்டுக்குப் போக வேண்டும். நான் மாடிக்கு ஓடினேன். அத்தை முன் சீட்டில், போர்வையைச் சுற்றிக்கொண்டு, தலையைக் கண்ணாடியில் சாய்த்திருந்தாள். என்னைப் பார்த்தாளா என்று தெரியாது.

திருப்பதியில் இரண்டு ஆஸ்பத்திரிகளில் படுக்கை இல்லை என்றார்கள். மூன்றாவதில் வாசலிலேயே மதியம்வரை காக்கவைத்துத்தான் உள்ளே சேர்த்தார்கள். ஐந்தாம் நாள் அத்தை இறந்துபோனாள். அவளை ஊருக்குக் கொண்டுவரவில்லை. நைனா ஒருவரே அங்கே இருந்து எல்லாவற்றையும் முடித்துவிட்டு வந்தார்.

வந்து மதிலுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தார். "இன்னும் கொஞ்சம் முன்னாடி கொண்டாந்திருக்கலாம்னு சொன்னாங்க," என்றார். அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவளைப் பார்த்துவிட்டு நைனா, "எல்லாருக்கும் அதயேதான் சொல்றாங்க," என்றார்.

எப்போது கேட்பார்கள் என்று நான் காத்திருந்தேன். அடி விழும் என்று நினைத்தேன். விழுந்தால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தேன். யாரும் கேட்கவில்லை. ஒருநாள் நானே சொல்லிவிடுவதென்று மதிலருகே போய் நின்றேன். "சாப்ட்டியாம்மா?" என்று நைனா முந்திக்கொண்டார். "சாப்ட்டேன்," என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். மறுநாள் அவர் யாரையோ ஏற்றிக்கொண்டு மறுபடியும் திருப்பதிக்குப் போனார்.

அத்தை மகள் எங்கள் வீட்டிலேயே வளர்ந்தாள். புதுத் துணி எடுத்தால் முதலில் அவளுக்கு. மீன் வாங்கினால் நடுத்துண்டு அவளுக்கு. எனக்குப் பொறாமையாக இருக்கும். உடனே, பொறாமைப்பட எனக்கு என்ன உரிமை என்று பயமும் வரும். அவள் என் பக்கத்தில் படுத்துத் தூங்கும்போது, தூக்கத்தில் நான் உளறிவிடக் கூடாது என்று விழித்துக் கிடப்பேன்.

இப்போது திருப்பதியில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறேன். போன தீபாவளிக்கு வீட்டுக்கு வந்திருந்தபோது, கொட்டகையில் அம்மா தறியில் அறுந்த இழையை முடிந்துகொண்டிருந்தாள். வேறு யாரும் இல்லை. எந்த முன்னுரையும் இல்லாமல் சொன்னேன்.

"அன்னிக்கு சாவிய ஒளிச்சது நான்தாம்மா. என்னாலதான் அத்தை செத்துப்போச்சி."

அம்மா இழையை விடவில்லை. "தெரியும். நீ ஒளிக்கறப்ப நான் இந்த ஜன்னலாண்டதான் நின்னுக்கினு இருந்தேன்."

"அப்போ நைனா கேட்டப்ப ஏன் சொல்லல?"

அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். "ஒரு நாளு, ஒரே ஒரு நாளு இவுரு வீட்ல இருக்கட்டும்னு நெனச்சேன். நீ சின்னப் புள்ள. நான் பெரியவதான? இத்தினி வருஷமா உன்னாலன்னா நெனச்சிக்கினு இருந்த?"

"நைனாக்குத் தெரியுமா?"

"நான் சாவியக் குடுக்கறப்பவே தெரிஞ்சிக்கினாரு. இன்னி வரிக்கும் கேக்கல."

அத்தனை கோன்களில் கீழ் வரிசையில் சுவரோரம் இருந்த அந்த ஒன்றிடம் அம்மா எப்படி நேராகப் போனாள் என்று இத்தனை வருஷத்தில் நான் ஒருமுறைகூட யோசிக்கவில்லை. ஒளித்தவள் நான் ஒருத்திதான் என்று நம்பியிருந்தேன்.

அத்தை மகள் கையில் அதிரசத் தட்டோடு கொட்டகைக்குள் வந்தாள். "ரெண்டு பேரும் இன்னா பேசிக்கினு கீறீங்க?"

நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா தறியைப் பார்த்தாள்.

"ஒண்ணுமில்ல," என்றாள் அம்மா. "நீ துன்னியா?"