மஞ்சள் தண்ணீர் நாளில் குழாய்க்குக் காவல்

என்னைப் போல ஒரு முட்டாளைக் காவலுக்கு வைத்தால், அந்த வீட்டுக்குத் தனியாகத் திருடன் தேவையில்லை.

எண்பதுகளின் கடைசி. தலவாக்கலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீடு ஒன்றில் இருந்தோம். என் மனைவிக்கு நீண்ட நாள் சிகிச்சை. மருந்து ஏற்றுவதற்காகக் கொழும்பு ஆஸ்பத்திரியில் அவள் நெஞ்சில் மெல்லிய குழாய் ஒன்றைப் பொருத்தி அனுப்பியிருந்தார்கள். அதன் உள்முனை இருதயத்துக்குப் பக்கத்தில் போய் நிற்குமாம். குழாயின்மேல் போட்ட கட்டு நனையக் கூடாது, கை கழுவாமல் தொடக் கூடாது, காய்ச்சல் வந்தால் உடனே கொழும்புக்குக் கூட்டி வர வேண்டும் என்றார்கள்.

அன்று மாரியம்மன் திருவிழாவின் கடைசி நாள். முறைக்காரர்கள் ஒருவர்மேல் ஒருவர் மஞ்சள் தண்ணீர் ஊற்றுவார்கள். நான் வாசலை மறித்து நின்றேன்.

"உள்ள ஒரு சொட்டுப் போகக் கூடாது!"

"அப்ப முழு வாளியும் மச்சானுக்கே!" என்று கொழுந்தியாள் என் தலையில் கவிழ்த்தாள்.

வெற்றிதான். ஆனாலும் மனசு ஒரு இடத்தில் நிற்கவில்லை. கட்டு காய்ந்திருக்கிறதா என்று உள்ளே ஓடி, படுத்திருந்த மனைவியின்மேல் குனிந்தேன். என் முடியிலிருந்து மஞ்சள் தண்ணீர் நேராகக் கட்டின்மேல் சொட்டியது.

அவள் எழுந்தாள். சோப்புப் போட்டுக் கை கழுவி, ஆஸ்பத்திரியில் பழக்கியபடி மருந்தால் துடைத்து, புதுக் கட்டுப் போட்டுக்கொண்டாள். நான் உட்கார்வதும் எழுவதுமாக இருந்தேன். பொறுக்காமல் அவள் நெற்றியைத் தொட்டேன்.

"ஐயோ, கொதிக்குதே! கொழும்புக்குப் போவோமா?"

"ஒங்க கைதான் ஐசா இருக்கு, எடுங்க."